ரொமான்ஸ் நாவலை ரொமான்ஸ் ஆக்குவது எது? டர்பனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

காதல் வருகிற கதையெல்லாம் ரொமான்ஸ் நாவல் ஆகிவிடாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எழுத வருகிறவர்களிடம் இதைப் புரியவைக்கத்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கரும்புத் தோட்டத்தில் உழைத்த பாட்டனின் கதை, வீடு பறிபோன கதை, சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த கதை என்று கையில் நல்ல சரக்கோடு வருகிறார்கள். நடுவில் ஒரு காதலும் இருக்கும். "இது ரொமான்ஸ்தானே?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை. அது குடும்பக் கதையாகவோ வரலாற்று நாவலாகவோ இருக்கும், அருமையாகக்கூட இருக்கும். ஆனால் ரொமான்ஸ் வாசகர் எதற்காகப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறாரோ அது அதில் இருக்காது.

இது உசத்தி தாழ்த்தி பற்றிய பேச்சு இல்லை. துப்பறியும் நாவலென்றால் கொலையாளி யாரென்று கடைசியில் தெரிந்தாக வேண்டும். ரொமான்ஸுக்கும் அப்படிச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். விளக்கத்துக்கு ஒரு கற்பனைக் கதையைக் கூடவே வைத்துக்கொள்கிறேன்.

ஆண்டு 1964. டர்பன் நகரசபைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடம் மேகசின் பாரக்ஸ். தமிழும் தெலுங்கும் பேசிய ஏழைக் குடும்பங்கள். 1960-களில் அந்த ஜனங்களைப் பெயர்த்து, ஊருக்குத் தெற்கே புதிதாகக் கட்டிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நம் கமலா அங்கே ஒரு நகரசபைத் தொழிலாளியின் மூத்த மகள், தையல் ஃபேக்டரியில் வேலை. தனபாலன் கிளேர்வுட்டில் காய்கறித் தோட்டம் போட்ட குடும்பத்துப் பையன். விடியுமுன் வார்விக் சந்தைக்கு வேன் ஓட்டுகிறான். வீட்டில் தனபாலன், சந்தையில் டேனி.

படி 1: காதலைப் பிடுங்கிப் பாருங்கள்

கதையிலிருந்து காதலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? இதுதான் முதல் சோதனை.

கமலாவின் அப்பா வீட்டைக் காலி செய்ய மறுக்கிறார், மனு எழுதுகிறார், அக்கம்பக்கம் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகிறது, கடைசியில் அவரும் மூட்டை கட்டுகிறார். இடையில் கமலாவுக்கும் தனபாலனுக்கும் காதல். இந்த நாவலில் காதலை எடுத்துவிட்டாலும் அப்பாவின் கதை அப்படியே நிற்கும். ஆக, இது இடப்பெயர்வைப் பற்றிய நாவல்.

இதையே திருப்பிப் போடுங்கள். இருவரும் சந்திப்பது, சண்டை பிடிப்பது, நெருங்குவது, விலகுவது என்ற வரிசையில்தான் அத்தியாயங்கள் நகர்கின்றன. வீடு காலி செய்யும் நோட்டீஸ் வருகிறது, அதைப் பற்றி இருவரும் எதிரெதிராக நினைக்கிறார்கள், அதனால் இருவருக்கும் நடுவே ஏதோ மாறுகிறது. இங்கே காதலை எடுத்தால் கதையே சரிந்துவிடும். ரொமான்ஸ் இதுதான். சரித்திரம் இரண்டிலும் ஒன்றே, சுமை தாங்குகிற தூண்தான் வேறு.

செய்து பார்க்க ஒரு வழி: ஒரு தாளில் அத்தியாய எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதில் இருவருக்கும் இடையே என்ன மாறியது" என்று ஒரு வரி எழுதுங்கள். என்ன நடந்தது என்று எழுதாதீர்கள், என்ன மாறியது என்று மட்டும். தொடர்ந்து மூன்று அத்தியாயங்களுக்கு எதிரே எழுத ஒன்றுமில்லை என்றால் கதை வேறு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

படி 2: முடிவை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்

1980-இல் தொடங்கிய அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே அடையாளங்களைச் சொன்னது: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். முதல் விதியை நம்மவர்கள் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள். இரண்டாவதில்தான் தகராறு.

நமக்குச் செத்துப்போன காதலர்கள் மேல் தனிப் பிரியம். அம்பிகாபதி நூறு பாட்டு பாடி முடிப்பதற்குள் தலை போனால்தான் அது காதல் என்று பழகிவிட்டோம். சினிமாவும் அதைத்தான் ஊட்டியது. துயர முடிவு பெரிய இலக்கியமாக இருக்கலாம், நானும் விழுந்து விழுந்து படித்திருக்கிறேன். ஆனால் ரொமான்ஸ் என்ற பெயரில் புத்தகத்தை விற்றுவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் நாயகனைச் சாகடித்தால், வாசகரிடம் சொன்ன சொல்லை மீறியதாகத்தான் பொருள். வாசகர் பணம் கொடுத்தது அந்த வாக்குக்கு.

"முடிவு தெரிந்துபோனால் படிப்பதில் என்ன சுவாரசியம்?" என்று எல்லோரும் கேட்பார்கள். சேருவார்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. இந்த இருவர், இந்த நிலைமையில், எப்படிச் சேர முடியும் என்பதுதான் கேள்வி. பாதிக் கதையில் "இனி வழியே இல்லை" என்று வாசகரை நம்பவைத்துவிட்டு, பிறகு பொய்யில்லாமல் ஒரு வழியைத் திறந்து காட்ட வேண்டும். துயர முடிவைவிட இது கஷ்டமான வேலை என்பது என் அபிப்பிராயம்.

நல்ல முடிவு என்றால் கல்யாண மண்டபமும் நாதஸ்வரமும்தான் என்றில்லை. இப்போதைக்குச் சந்தோஷமாகச் சேர்ந்திருக்கிறார்கள், இந்த உறவு தாங்கும் என்று வாசகருக்குத் தோன்றினால் போதும். எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று வகுத்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் கமலாவும் தனபாலனும் தோற்கடிக்க வேண்டியதில்லை. 1950-இல் வந்த அந்தச் சட்டம் 1991-இல்தான் நீங்கியது, 1964-இல் ஒரு ஜோடி அதை என்ன செய்துவிட முடியும்? மேகசின் பாரக்ஸ் போய்விடும். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் இழக்கக் கூடாது, அவ்வளவுதான்.

படி 3: அகத்திணையின் வரைபடத்தை எடுத்து விரியுங்கள்

பமீலா ரெஜிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-இல் வெளியான தம் நூலில் ரொமான்ஸ் நாவலுக்கு எட்டு உறுப்புகள் இன்றியமையாதவை என்றார். காதலர்கள் வாழும் சமூகம், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலை வாய்விட்டுச் சொல்லுதல், எல்லாம் முடிந்துபோனது போன்ற இருண்ட கட்டம், தடையை விலக்கும் தெளிவு, இணைவதாக உறுதி. இவை இதே வரிசையில் வர வேண்டுமென்பதில்லை. ஒன்று இரண்டு முறையும் வரலாம்.

இதைப் படித்ததும் எனக்குத் தொல்காப்பியம் சொல்லும் அகத்திணை, அதாவது காதலுக்கான இலக்கணம்தான் ஞாபகம் வந்தது. மறைவான காதலான களவில் தொடங்கி, ஊரறிந்த மணவாழ்வான கற்பில் முடிகிற அந்தப் பாதையை நினைத்துப் பாருங்கள். இருவர் சந்திக்கிறார்கள். ஊரில் அலர், அதாவது ஊர்ப்பேச்சு, எழுகிறது. தாய்க்குச் சந்தேகம் வந்து மகளை வீட்டுக்குள் அடைக்கிறாள், அது இற்செறிப்பு. "எப்போது வந்து பெண் கேட்கப்போகிறாய்?" என்று தோழி அவனை நெருக்குகிறாள். பிறகு தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம் உண்மையை உடைக்க, செவிலி பெற்ற தாயான நற்றாயிடம் சொல்ல, நற்றாய் தந்தை தமையன்மாருக்குத் தெரியவைக்கிறாள். இந்த அறத்தொடு நிற்றல்தான் ரெஜிஸ் சொல்லும் தெளிவுக் கட்டத்துக்கு ஏறக்குறைய ஒத்தது. மறைந்திருந்த ஒன்று வெளியே வருகிறது, தடை இளகுகிறது. முடிவில் வரைவு என்கிற திருமணம், இல்லையேல் இருவரும் சேர்ந்து ஊரைவிட்டுப் போகும் உடன்போக்கு.

அங்கே இன்னொரு கறாரும் இருக்கிறது. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தினார்கள். இரு பக்கமும் ஒத்த அன்புதான் நடுவில். சம்மதிக்காத பெண்ணின் பின்னாலேயே பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பாக அலைகிற நாயகனை ரொமான்ஸ் என்று காட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அது கைக்கிளை. ரொமான்ஸின் எல்லைக்கோடும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழுகிறது.

நிலத்தையும் உணர்ச்சியையும் கட்டிப்போடுகிற வித்தையையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். டர்பனில் கடல் இருக்கிறது, வடகரை முழுக்கக் கரும்பு, உள்நாட்டுப் பக்கம் மலையும் பள்ளத்தாக்கும். ஆனால் சூத்திரம் போல ஒட்டவைக்காதீர்கள். அந்தக் காலத்து டர்பன் கடற்கரையையே இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு, கமலாவை மாலை நேரத்தில் இஷ்டப்பட்ட மணலில் நடக்கவிட்டால், கடற்கரையையும் இரங்கலையும் சேர்க்கிற நெய்தல் திணை வராது, பிழைதான் வரும். இந்தியருக்கென்று ஒதுக்கிய துண்டுக் கரையில் அவள் நிற்கட்டும். அந்த வேலிக்கு உள்ளே இருக்கிற இரங்கல் வேறு மாதிரி.

அகப்பாட்டு கைவிடுகிற இடமும் ஒன்று உண்டு. அங்கே தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது, ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துவதோடு பாட்டு முடிந்துவிடும். நாவலுக்கு அது போதாது. பெயரும் சம்பளமும் பழைய காயமும் உள்ள இரண்டு ஆட்கள் வேண்டும், அவர்கள் மாற வேண்டும்.

படி 4: தடையை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள்

ரொமான்ஸ் நாவல் நிற்பதும் விழுவதும் இங்கேதான். வெளியே ஒரு தடை, உள்ளே ஒரு தடை. தென்னாப்பிரிக்காவில் எழுதுகிறவருக்கு வெளித்தடைக்குப் பஞ்சமே இல்லை. அதுதான் ஆபத்தும்.

சட்டங்களையே பாருங்கள். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல், டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அவர்கள். 1895-இல் இயற்றிய சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே இருந்தால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி. குடும்பத் தலைவன் மட்டுமல்ல, 13 வயதைத் தாண்டிய பெண்ணும் 16-ஐத் தாண்டிய ஆணும் கட்ட வேண்டும். கல்யாணம் செய்துகொண்டால் இன்னொரு தலைக்கும் சேர்த்துப் பணம். அப்புறம் 1949-இல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம். வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையிலான உடலுறவைத் தடுக்க, 1950-இல் ஒழுக்கக்கேட்டுச் சட்டத்தைத் திருத்தி இறுக்கினார்கள். இரண்டின் பிடியும் 1985-இல்தான் தளர்ந்தது.

இங்கே பலரும் இடறுகிற ஒரு விவரம். கலப்புத் திருமணச் சட்டம் தடுத்தது வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையிலான கல்யாணத்தை. தமிழ்ப் பெண்ணும் ஜூலு பையனும் மணந்துகொள்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. அவர்களுக்கு இடைஞ்சல் வேறு: யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்ற சட்டம், பிறகு இரு வீட்டு மனிதர்கள். அப்படியொரு கதை எழுதினால் எந்தச் சட்டம் எந்தக் கதவை மூடியது என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். "அரசாங்கம் தடை செய்தது" என்று பொத்தாம்பொதுவாக எழுதி ஒப்பேற்ற முடியாது.

சரி, ஆபத்து என்ன? சட்டத்தை மட்டும் தடையாக வைத்தால் காதலர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போகும். சட்டம் நீங்கும் வரை காத்திருப்பார்கள், அல்லது பிடிபடுவார்கள். இருவருக்கும் நடுவே எதுவும் மாறாது. வெளித்தடை ஒரு தேர்வை அவர்கள் கையில் திணிக்கும்போதுதான் ரொமான்ஸ் உயிர் பெறுகிறது.

ஒரு உதாரணம். 1913 மார்ச் 14-இல் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்துக்கு இடம் தரும் சமயங்களின் முறைப்படி நடந்த கல்யாணம் இந்த நாட்டில் செல்லாது என்றார். தாலி கட்டிய மனைவிகள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவிகளாக இல்லாமல் போனார்கள். பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று வெளிவந்து 1914 பிப்ரவரியில் இறந்ததும் அந்தப் போராட்டத்தில்தான். அதே ஆண்டில் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருதார மணங்களை ஏற்றுக்கொண்டது.

இதைப் போராட்ட நாவலாக எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரொமான்ஸ் எழுத்தாளர் வேறு இடத்தைப் பார்ப்பார். பெரியவர்கள் பேசி முடித்த ஒரு ஜோடி. மூன்று வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள், மனசு ஒட்டவில்லை. ஒரு நாள் சட்டம் "நீங்கள் கணவன் மனைவி இல்லை" என்கிறது. அவளைத் தடுக்க இப்போது எதுவும் இல்லை, அவனுக்கும் கடமை இல்லை. போகலாம். போகிறாளா? அவமானமாக வந்த தீர்ப்பு அவர்களுக்கு மட்டும் முதன்முறையாக ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பாகிறது. நாடே கொதித்துக்கொண்டிருக்கும்போது தங்களுக்குள் இப்படி ஒரு கணக்குப் போடுகிறோமே என்ற குற்ற உணர்ச்சி வேறு. இது நூற்றுக்கு நூறு ரொமான்ஸ். யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இனி உள்தடை. தனபாலனின் தோட்டம் கிளேர்வுட்டில் இருக்கிறது. அந்தப் பகுதியைத் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கும் பேச்சு தலைக்கு மேல் தொங்குகிறது. வேர் விட்டதையெல்லாம் யாரோ வந்து பிடுங்குவார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் அவன். அதனால் எதிலும் வேர் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டவன். கமலா தன் கூலியில் மூன்று தம்பிகளைப் படிக்கவைக்கிறாள். தனக்கென்று ஒன்றை விரும்புவதே வீட்டிலிருந்து திருடுவது போல அவளுக்கு. இந்த இரண்டு நம்பிக்கைகளும் மோதுகிற இடத்தில் கதை இருக்கிறது. சாட்ஸ்வொர்த் நோட்டீஸ் அந்த மோதலை அவசரப்படுத்துகிறது, அவ்வளவே.

தடையைச் சோதிக்க ஒரு வழி: இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்துப் பத்து நிமிஷம் மனம்விட்டுப் பேசவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீர்ந்துவிடும் என்றால் அது தடை இல்லை, தப்பர்த்தம். யாரோ ஒருவரோடு அவள் பேசியதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு எட்டு அத்தியாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிகிற நாயகர்களை நாம் போதுமான அளவு பார்த்தாயிற்று.

சாதியையும் மொழியையும் மதத்தையும் மறக்க வேண்டாம். தமிழ் வீட்டுக்கும் தெலுங்கு வீட்டுக்கும், இந்தி பேசும் வீட்டுக்கும், குஜராத்தி வியாபாரக் குடும்பத்துக்கும் இடையே பெண் கொடுப்பதில் இருந்த தயக்கம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. வாசகருக்கு நெருக்கமாகப் படுவதும் அதுதான். பெரிய சட்டத்தை எதிர்த்து மேடையில் பேசுகிற மாமா வீட்டில் இந்தச் சின்னச் சட்டத்தைக் கறாராக அமல்படுத்துவார். நல்ல பாத்திரம் அவர், விட்டுவிடாதீர்கள்.

படி 5: ஈர்ப்புக்குக் காரணம் கொடுங்கள்

"பார்த்தான், விழுந்தான்" என்பது சினிமாப் பாட்டுக்குப் போதும். நாவலில் ஏன் இவள், ஏன் இவன் என்பதற்கு விடை வேண்டும். அழகு விடை ஆகாது. மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை ஒருவரிடம் இன்னொருவர் கவனிப்பதுதான் விடை. கமலா தக்காளியை விலை பேசும்போது மனக்கணக்கில் ஒரு சதம்கூடப் பிசகுவதில்லை என்று தனபாலன் கவனிக்கிறான். மற்றவர்களுக்கு அவள் கஞ்சப்பிசினாரி. அவனுக்கு, யாருக்காக இப்படி எண்ணுகிறாள் என்று கேட்கத் தோன்றுகிறது. விற்காமல் மிஞ்சிய கீரையை அவன் எடை போடாமலே கிழவிகளின் பைகளில் போடுவதை அவள் கவனிக்கிறாள். எதையும் பிடித்துவைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்பதும் அவளுக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஈர்க்கிற குணமும் பின்னால் இடிக்கப்போகிற குணமும் ஒன்றாகவே இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சந்திக்கிற இடம் அவர்களைத் திரும்பத் திரும்ப ஒன்றாக நிறுத்த வேண்டும். சந்தை அதற்கு நல்லது. தைப்பூசக் காவடி, ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவது, மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று கூடும் கூட்டம் எல்லாமே வருஷம் ஒரு முறை வருபவை. திருப்பங்களுக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். படித்த ஜோடி வேண்டுமென்றால் 1961-இல் சாலிஸ்பரி தீவில் இந்தியருக்கென்று தனியாகத் திறந்த பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. துறைமுகத்துக்கு நடுவே, மாணவர்கள் படகேறிப் போக வேண்டிய இடம். பிடிக்காதவரோடு தினமும் ஒரே படகில் போக வேண்டியிருப்பதைவிட ரொமான்ஸுக்கு வேறென்ன வசதி வேண்டும்?

இருவர் பார்வையிலும் மாறி மாறிச் சொல்வது இந்த வகையில் சாதாரணம். நானும் அதையே சிபாரிசு செய்வேன். ஒருவர் மனசு மட்டும் தெரிந்தால் மற்றவர் பொம்மையாகிவிடுவார். தமிழில் எழுதுகிறவருக்கு இன்னொரு வசதி, "நீங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் எந்தப் பக்கத்தில் "நீ" என்று தொடங்குகிறாள் என்பதையே ஒரு நிகழ்ச்சியாக்கிவிடலாம்.

படி 6: இருண்ட கட்டத்தை அவர்களே வரவழைக்கட்டும்

முக்கால் நாவலில் எல்லாம் உடைய வேண்டும். உடைப்பது வில்லனாகவோ அம்மாவின் மாரடைப்பாகவோ இருந்தால் சப்பென்று போய்விடும். உள்தடைதான் உடைக்க வேண்டும்.

நம் கதையில் ஒரு நகரசபைக் குமாஸ்தாவிடமிருந்து கமலாவுக்குச் சம்பந்தம் வருகிறது. தனபாலன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒதுங்கிக்கொள்கிறான். அவள் நன்றாக இருக்கட்டும் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொள்கிறான். சந்தையில் வேறொருவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது. அவனைத் தேடிப் போய் அவள் கேட்பது ஒன்றுதான்: "எனக்கு எது நல்லதுன்னு எங்கப்பா முடிவு பண்றார், கார்ப்பரேஷன் முடிவு பண்ணுது. நீங்களுமா?" அவன் பழைய காயத்துக்கு உண்மையாக நடந்துகொண்டான், அதனாலேயே அவளை இழக்கிறான்.

இதிலிருந்து மீள்வதும் அந்தக் காயத்தின் வழியாகத்தான். பூங்கொத்தும் ஓட்டமும் உதவாது. இன்றைய கதைகளில் எல்லோரும் விமான நிலையத்துக்கு ஓடுகிறார்கள். கிங் ஷாகா விமான நிலையம் 2010-இல் திறந்தது, டர்பனிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்கால நெரிசலில் சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்புகிற நாயகன் போய்ச் சேருவதற்குள் அவள் விமானம் ஜோஹானஸ்பர்க்கில் இறங்கியிருக்கும்.

தனபாலன் எதற்குப் பயந்தானோ அதைச் செய்ய வேண்டும். நிலையில்லாத நிலைமையிலேயே, உத்தரவாதம் எதுவும் இல்லாமல், அவள் வீட்டு வாசலுக்குப் போய்ப் பெரியவர்கள் முன்னால் கேட்க வேண்டும். கமலாவும் தன் பங்குக்குச் செய்தாக வேண்டும். நாயகன் மட்டும் திருந்தி நாயகி மன்னிப்பது அரை ரொமான்ஸ். அவள் சாப்பாட்டு நேரத்தில், தம்பிகள் இருக்கும்போது, "அடுத்த மாசத்திலிருந்து என் சம்பளத்தில் பாதி என்கிட்ட இருக்கும்" என்கிறாள். அம்மா கரண்டியைக் கீழே வைக்கிறாள். அவள் வாழ்க்கையில் அதுவே பெரிய புரட்சி. இந்த இரண்டும் நடந்த பிறகு அவர்கள் சேர்ந்தால் வாசகர் நம்புவார்.

படி 7: மற்ற அலங்காரங்கள்

நெருக்கத்தை எவ்வளவு வெளிப்படையாக எழுதுவது என்பது ரொமான்ஸை வரையறுக்காது. கதவு சாத்துவதோடு நிறுத்தலாம், உள்ளேயும் போகலாம். எதுவானாலும் சம்மதம் தெளிவாக இருக்கட்டும். அறைந்துவிட்டு அணைக்கிற நாயகனைத் தமிழ் மாத நாவல்கள் நிறைய வளர்த்துவிட்டன. எனக்கு அவன் மேல் ஒரு துளி மரியாதையும் இல்லை.

உட்பிரிவுகள் பல. வரலாற்று ரொமான்ஸ், சமகாலம், திகில் கலந்தது, அமானுஷ்யம், பக்தி சார்ந்தது என்று போகும். எதுவானாலும் முதல் இரண்டு படிகள் மாறாது. எல்லோருக்கும் தெரிந்த சூழ்நிலைகளையும் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம், இந்த வகையில் அது குற்றமில்லை. பகைவர் காதலராவது, பழைய காதல் திரும்புவது, வசதிக்காகச் செய்த கல்யாணம் காதலாவது. மூன்றாவது நமக்கு அந்நியமே இல்லை. கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவிலேயே ஜோடி சேர்ந்துகொண்டு நேட்டாலுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். முன்பின் தெரியாத இருவர், கடலில் பல வாரம், பிறகு ஐந்து வருஷம் ஒரே தோட்டம். லண்டனில் 1908-இல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகமும், கனடாவில் 1949-இல் பிறந்து 1971-இல் அதை விலைக்கு வாங்கிய ஹார்லெக்வின் பதிப்பகமும் இதே சூழ்நிலையைப் பிரபுக்களையும் பண்ணை முதலாளிகளையும் வைத்து விற்றன. நம்மிடம் கூலிக் கப்பலே இருக்கிறது.

நீளம் பற்றிக் கேட்பவர்களுக்கு: அந்த மாதிரி வரிசை நாவல்கள் ஆங்கிலத்தில் ஐம்பதாயிரம் சொற்களை ஒட்டி இருக்கும். தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டே போகும் என்பதால் நாம் அதைவிடக் குறைவாகவே முடிக்கலாம்.

படி 8: யாரிடம் படிக்கக் கொடுப்பது

இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் ரொமான்ஸை ஆசையாகப் படிப்பவராக இருக்க வேண்டும், மற்றவர் டர்பன் வரலாறு தெரிந்த பெரியவராக இருந்தால் நல்லது. பெரியவர் "பாரக்ஸ் பற்றி இன்னும் எழுதலாமே" என்பார். நன்றி சொல்லிவிட்டு, விவரப் பிழைகளை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அவர் கேட்பது வேறொரு புத்தகம். ரொமான்ஸ் வாசகரிடம் "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார். எந்தப் பக்கத்தில் "இவர்கள் இனிச் சேரவே முடியாது" என்று பட்டது, எந்தப் பக்கத்தில் "சேர்ந்தே ஆக வேண்டும்" என்று பட்டது என்று கேளுங்கள். இரண்டாவது பக்கம் முதலாவதுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். வராவிட்டால், அவர்கள் பிரிவதைப் பற்றி வாசகருக்கு அக்கறை வருமுன்பே பிரித்துவிட்டீர்கள்.

முடிவு நம்பும்படி இல்லை என்று அவர் சொன்னால் கடைசி அத்தியாயத்தைத் தொடாதீர்கள். நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போங்கள். தனபாலன் வாசலில் வந்து நிற்பது ஒட்டவில்லை என்றால், அவன் எதற்குப் பயப்படுகிறான் என்பதைச் சந்தைக் காட்சிகளிலேயே காட்டாமல் விட்டிருப்பீர்கள்.